ஒரு ரூபாய் நோட்டு: நோட்டா, காசா?

செல்லாக்காசு: பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் டைரிக்குள் ஒரு 1994 ஆம் வருட ஒரு ரூபாய் நோட்டு கிடைத்தது. சாயம் மங்கி, மடித்த கோட்டில் கிழியப் பார்க்கிறது, ஆனாலும் பின்பக்கம் கடலில் எண்ணெய் தோண்டும் சாகர் சாம்ராட் மேடை அப்படியே இருக்கிறது. இதைப் போய் அந்த வருடத்தோடு நிறுத்தினார்களே, ரிசர்வ் வங்கிக்கு ரசனையே கிடையாதா?

கல்லாப்பெட்டி: ரிசர்வ் வங்கியை ஏன் சார் இழுக்கிறீர்கள், அது அவர்கள் நோட்டே இல்லை. மத்திய அரசு நோட்டு. கையெழுத்தைப் பாருங்கள், நிதித்துறைச் செயலாளர் மாண்டேக் சிங் அலுவாலியா போட்டிருப்பார். கவர்னர் கையெழுத்தெல்லாம் 2 ரூபாயிலிருந்துதான். அப்புறம், நிறுத்தியது நூற்றுக்கு நூறு சரி. சில மாதத்தில் கந்தலாகிற தாளுக்குச் செலவழிப்பதைவிட, வருடக்கணக்கில் ஓடும் நாணயம் அடிப்பது லாபம்.

நாணயப்பித்து: செலவுக் கணக்கு சரி, ஆனால் கல்லாப்பெட்டி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சட்டப்படி அது தாளில் அச்சடித்த காசு. 10 ரூபாய் நோட்டில் கவர்னர் பத்து ரூபாய் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். ரூபாயே எதைத் தருவதாக வாக்குக் கொடுக்கும்? அதனால்தான் அந்த வாசகம் இதில் இல்லை, காசின் படம் மட்டும் வருடத்தோடு இருக்கிறது.

கல்லாப்பெட்டி: 1917 இல் ஐந்தாம் ஜார்ஜ் படத்தோடு வந்த முதல் நோட்டில் வாக்குறுதி இருந்ததே, அது காசு இல்லையா? வசதிக்கு ஏற்ற மாதிரி பேசாதீர்கள்.

நாணயப்பித்து: இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். முதல் உலகப் போரில் வெள்ளி கிடைக்காமல் போனதால் வெள்ளி ரூபாய்க்குப் பதிலாக வந்த தாள் அது, கொண்டு போனால் வெள்ளி தருவோம் என்று சொல்லியாக வேண்டிய நிலைமை. 1926 இல் நிறுத்திவிட்டார்கள். 1940 இல் மறுபடியும் போர், மறுபடியும் நோட்டு, இந்த முறை அவசரச் சட்டம் போட்டு நாணயத்துக்குச் சமம் என்று சொல்லிவிட்டதால் வாக்குறுதி தேவைப்படவில்லை. ஒரே நோட்டு, ஆனால் சங்கதி வேறு.

கல்லாப்பெட்டி: சரி விடுங்கள். 2015 இல் திரும்பவும் அச்சடித்தார்களே, அது எதற்கு? பெட்டிக்கடையில் நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். மொய்க் கவரில் 101 வைக்கிறவர்களுக்குத்தான் உதவுகிறது, அதற்கும் ஒரு ரூபாய் காசு ஒட்டிய கவரே வந்துவிட்டது.

நாணயப்பித்து: அந்த ஒட்டின காசை வாங்கினவர் பிய்த்து எடுக்கிற பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? புது நோட்டுக் கட்டைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள் என்றால் யாருக்கோ வேண்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

செல்லாக்காசு: இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். அந்தக் கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டலாமா?

கல்லாப்பெட்டி: ஐயோ, வேண்டவே வேண்டாம்!

நாணயப்பித்து: இதில் மட்டும் கல்லாப்பெட்டி கட்சிதான் நான். பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். விரிக்காமல் அப்படியே ஒரு உறையில் போட்டு வையுங்கள்.