ஊரணி மேடு எவ்வளவு செங்குத்து?

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். செட்டிநாட்டில் மேடு என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? குன்றக்குடியை விட்டால் ஊரணிக் கரைதான். ரைஸ் மில்லில் இருந்து அரிசி மூட்டையைக் கேரியரில் வைத்துக்கொண்டு அந்தக் கரையில் ஏற்றும்போது பாதியிலேயே இறங்கித் தள்ளுவேன். என் நினைவில் அது கிட்டத்தட்ட ஒரு சுவர்.

போன பொங்கலுக்குப் போனபோது தங்கை மகனிடம், "இது இருபது டிகிரி இருக்கும்டா" என்றேன். அவன் போனைத் தரையில் வைத்து அளந்தான். நாலு! முப்பது மீட்டர் நடந்தால் ஏறுவது ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

மானம் போனது எனக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் டென்னிஸ் ப்ராஃபிட் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரிச் சரிவைப் பார்த்தவர்கள் சுமார் 20 என்றார்கள். ஆனால் கையைப் பார்க்காமல் ஒரு பலகையை அதே சாய்வுக்குச் சாய்க்கச் சொன்னால் ஏறக்குறைய சரியாகச் செய்தார்கள். நானும் மேட்டைப் பார்த்தபடி உள்ளங்கையைச் சாய்த்தேன். அவன் என் புறங்கை மேல் போனை வைத்தான். ஆறு. வாய்தான் புளுகுகிறது.

முதுகில் பை சுமந்தாலும், களைத்திருந்தாலும், வயதானாலும் மேடு இன்னும் செங்குத்தாகத் தெரியும் என்று 1999இல் ப்ராஃபிட் குழுவினரே எழுதினார்கள். ஆயா கடைசிக் காலத்தில், "வர வர மேடு ஒசந்துக்கிட்டே போகுதப்பா" என்பார். நாங்கள் சிரிப்போம்.

இதைப் படித்துவிட்டுத் தேவகோட்டையிலிருந்து ஒருவர் எழுதினார்: குன்றக்குடிப் படியில் எனக்கு நேர்மாறு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மேலே நின்று கீழே பார்த்ததும் கைப்பிடியைத் தேடினேன். அப்புறம், அந்தப் பை விஷயத்தை அப்படியே நம்ப வேண்டாம். 2009இல் ஃபிராங்க் டர்ஜின் என்ற உளவியலாளரின் குழுவினர், பைக்குள் கணுக்கால் தசையை அளக்கும் கருவி இருப்பதாகச் சொல்லி மாட்டிவிட்டார்கள். அவர்களுக்கு மேடு இன்னும் செங்குத்தாகத் தெரியவே இல்லை. முந்தைய சோதனையில் பை சுமந்தவர்கள் அதன் நோக்கத்தை ஊகித்து, அதற்கேற்பப் பதில் சொல்லியிருக்கலாம்.

சரி, இருக்கலாம். ஆனால் ஆயாவுக்குத் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். இது சோதனை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே.