சேஃப்டி ஷூ காயவே இல்லை, நாற்றம் தாங்க முடியவில்லை. அவசர உதவி

டெல்டா_தம்பி | ஞாயிறு இரவு 9:52
வணக்கம். இரண்டு வாரமாக ஷூ காயவே இல்லை. காலையில் காலை விடும்போதே சொதசொதவென்று இருக்கிறது. பவுடர் போட்டேன், டெட்டால் ஊற்றிக் கழுவினேன், சென்ட் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ரூமில் எல்லோரும் கத்துகிறார்கள். நேற்று என் ஷூவைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். காலை 5 மணிக்கு லாரி வந்துவிடும்.

கொத்தனார்_மகன் | 9:58
எந்த ஊரில் இருக்கிறீர்கள் தம்பி? என்ன வேலை? தோல் ஷூவா, ரப்பர் பூட்டா?

தமாம்_அண்ணன் | 10:03
வெயில்தான் மருந்து. நான் சவுதியில் இருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கழற்றி வெயிலில் சாய்த்து வைப்பேன். சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் காய்ந்துவிடும். 8 வருடமாக ஒரு நாற்றமும் இல்லை.

மலைச்சாரல் | 10:11
வால்பாறை எஸ்டேட்டில் எங்களுக்கு ஜூன் தொடங்கினால் நாலு மாதம் ரப்பர் பூட்டுதான். ராத்திரி ஆளுக்கு இரண்டு அந்துருண்டையை உள்ளே போட்டு வைப்போம். காலையில் உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். வேப்பிலையும் போடலாம்.

யார்டு_சீனியர் | 10:15
"ஷூ காயவில்லை" என்று எழுதிவிட்டால் மற்றதை நாங்கள் ஜோசியம் பார்த்துச் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு டிசம்பரிலும் இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இப்போதைய பையன்களுக்கு இல்லை. நான் ஜூரோங் கப்பல் பட்டறையில் 19 வருடம் வெல்டிங் செய்தவன். கோளாறு ஷூவில் இல்லை, சாக்ஸில் இருக்கிறது. பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கலந்ததோ கம்பளி கலந்ததோ வாங்கு. மதியம் ஒரு ஜோடி மாற்று. அவ்வளவுதான்.

டெல்டா_தம்பி | 10:24
மன்னிக்கவும் அண்ணா. சிங்கப்பூர். பேஸ்மென்ட் வேலை, கீழே எப்போதும் தண்ணீர் நிற்கும். கம்பெனி கொடுத்த தோல் ஷூ, ஒரே ஜோடி. சாக்ஸ் பருத்திதான்.

கொத்தனார்_மகன் | 10:27
இன்னும் மூன்று கேள்வி. ஷூவின் நாக்கில் உள்பக்கம் ஒரு சீட்டு தைத்திருப்பார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது? உள்ளே இருக்கும் இன்சோல் கழலுமா? ராத்திரி ஷூ எங்கே இருக்கும்?

டெல்டா_தம்பி | 10:41
எஸ்1பி என்று இருக்கிறது. இன்சோல் கழலும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும். பிடுங்கினேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், விரல் வருகிற இடத்தில் கஞ்சி ஒட்டியது மாதிரி வழவழப்பு, ஓரத்தில் வெள்ளையாக உப்புக் கோடு. வெளியே ரேக்கில் வைத்தால் ஷூ காணாமல் போகிறது. அதனால் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைப்பேன். அப்படி வைத்தால் நாற்றமும் வெளியே வராது.

கொத்தனார்_மகன் | 11:02
பை! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே தேவைப்பட்டிருக்காது தம்பி.

வேர்வைக்கு என்று தனியாக நாற்றம் கிடையாது. கால் தோலில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று ஐசோவலேரிக் அமிலம் மாதிரி பொருள்களை விடுகிறது, அந்த வாடைதான் நமக்கு வருகிறது. ஈரம், சூடு, காற்று இல்லாத இருட்டு மூன்றையும் நீங்களே பையில் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். மேலே என்ன தெளித்தாலும் அது ராத்திரி முழுக்க உள்ளே பெருகும்.

எஸ்1பி என்றால் ஆணி குத்தாமல் இருக்க அடியில் தகடு உண்டு, ஆனால் மேல்தோல் தண்ணீரைத் தடுக்கும் என்ற உறுதி கிடையாது. அதற்கு எஸ்3 வேண்டும். தண்ணீரிலேயே நிற்கிற வேலைக்கு எஸ்5, அதாவது இரும்பு முனை வைத்த ரப்பர் பூட்.

இன்றைக்கு ராத்திரி இதைச் செய்யுங்கள். அந்த இன்சோலைக் குப்பையில் போடுங்கள், அதைக் கழுவிப் பயனில்லை. கயிற்றை முழுக்க உருவி, நாக்கை வெளியே இழுத்து விடுங்கள். ஷூவைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாய் ஃபேனைப் பார்த்து இருக்கும்படி வையுங்கள். உள்ளே முனை வரைக்கும் தாளைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் அந்தத் தாள் நனைந்துவிடும், எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். நனைந்த தாளை விடியும்வரை உள்ளேயே விட்டால் பழைய கதைதான். ஹேர் டிரையர், ஹீட்டர் வேண்டாம். தோல் சுருங்கி வெடிக்கும், அடிப்பாகம் ஒட்டிய பசை விட்டுவிடும்.

தமாம் அண்ணன் சொன்ன வெயில் அவருடைய ஊருக்குச் சரி. சிங்கப்பூரில் டிசம்பர், ஜனவரி மழையில் காற்றே ஈரமாக இருக்கும். வெயிலுக்குக் காத்திருந்தால் பொங்கல் வந்துவிடும். காற்றோட்டம் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது.

ஓய்வுநேர_வாசகன் | 11:09
நல்ல யோசனைகள், ஆனால் ஒரு வருத்தம். செய்தித்தாளை ஷூவுக்குள் திணிப்பதா? அதில் தமிழ் எழுத்து இருக்கும், சாமி படம் இருக்கும். தாள் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம்.

யார்டு_சீனியர் | 11:13
ஷூ காய வேண்டுமா, சாஸ்திரம் பார்க்க வேண்டுமா? பட்டறையில் நாங்கள் எல்லோரும் செய்தித்தாள்தான் வைத்தோம். யாருக்கும் எந்தக் குறையும் வரவில்லை.

ஓய்வுநேர_வாசகன் | 11:16
குறை வரும் என்று நான் சொல்லவே இல்லை. மரியாதை என்றுதான் சொன்னேன். 19 வருட அனுபவம் இருப்பதால் அடுத்தவர் மனதில் இருப்பதைத் தட்டிப் பேசலாம் என்று ஆகாது.

கம்பி_கட்டி | 11:20
சைட்டில் காலி சிமெண்ட் பை எவ்வளவோ கிடக்கிறது. அந்தப் பழுப்புத் தாளைக் கிழித்து வைக்கலாமே. அதில் சாமி படமும் இருக்காது.

கொத்தனார்_மகன் | 11:24
சிமெண்ட் பை மட்டும் வேண்டவே வேண்டாம்! ஒட்டியிருக்கும் தூள் ஈரம் பட்டதும் கடுமையான காரமாக மாறும், பிஎச் 12-க்கு மேல். தோல் ஷூவையும் கெடுக்கும், கால் தோலையும் புண்ணாக்கும். என் அப்பாவுக்குக் கான்கிரீட் போடும்போது பூட்டுக்குள் கலவை இறங்கிவிட்டது. வேலை முடியட்டும் என்று அப்படியே நின்றார். சாயங்காலம் சாக்ஸை உரித்தபோது கணுக்காலில் தோலும் சேர்ந்து வந்தது. ஷூவுக்குள் கலவை போனால் அந்த நிமிடமே கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும், யார் திட்டினாலும் சரி.

தாளுக்காகச் சண்டை வேண்டாம் ஐயா. சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள், டிஷ்யூ, பழைய பனியன் துணி, எதுவானாலும் ஈரத்தை இழுக்கும். வழவழப்பான தாள் மட்டும் வேண்டாம்.

ஓய்வுநேர_வாசகன் | 11:27
நன்றி. பனியன் துணி நல்லது.

மருந்தறை_அக்கா | 11:35
நான் நர்ஸ். எல்லோரும் ஷூவைப் பற்றியே பேசுகிறீர்கள், தம்பியின் காலை யாரும் கேட்கவில்லை. உள்ளங்காலை நன்றாகத் துடைத்து, போன் டார்ச் அடித்துப் பார். குதிகாலிலும் விரல் அடியிலும் தோல் வெளுத்து, ஊசியால் குத்தியது மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா?

அப்புறம் அந்துருண்டை வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கிற அறையில் அந்த ஆவியை ராத்திரி முழுக்கச் சுவாசிப்பது நல்லதில்லை. ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுவே உடையும். தங்களுக்கு அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரியாது.

மலைச்சாரல் | 11:38
அப்படியா அக்கா? எங்கள் லயத்தில் (எஸ்டேட் வரிசை வீட்டில்) குழந்தைகளும் படுக்கிறார்கள். நாளைக்கே எடுத்துவிடுகிறேன்.

டெல்டா_தம்பி | 11:44
அக்கா, இருக்கிறது. இரண்டு காலிலும் குழி குழியாக. ஊரிலிருந்து கொண்டுவந்த படை களிம்பு ஒரு வாரமாகத் தடவுகிறேன், குறையவில்லை.

மருந்தறை_அக்கா | 11:50
அதைத் தடவுவதை நிறுத்து. நம் ஊர்க் கடைகளில் படைக்குக் கொடுக்கிற களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சரியாகப் பார்க்காமல் தடவினால் கெடுதல். நீ சொல்வதைப் பார்த்தால் பாக்டீரியாவால் வரும் குழிப்புண் மாதிரி இருக்கிறது. ஈரப் பூட்டில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு அடிக்கடி வரும், நாற்றம் கடுமையாக இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் களிம்பில் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். ஆனால் டாக்டர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சம்பளம் பிடிப்பார்களோ என்று பயந்து தள்ளிப் போடாதே கண்ணு. வலி வந்தால் நடக்கவே முடியாது. ராத்திரி கால் கழுவியதும் விரல் இடுக்கைத் தனியாகத் துடை, சாக்ஸ் இல்லாமல் தூங்கு.

கம்பி_கட்டி | 11:56
தம்பி, ஷூவில் ஓட்டை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று சைட்டில் யாராவது சொன்னால் கேட்காதே. போன வருடம் ஒருவன் செய்தான். பாதுகாப்பு அதிகாரி பார்த்து அன்றைக்கே வேலையை நிறுத்தினார்.

கொத்தனார்_மகன் | திங்கள் காலை 6:10
இன்னொன்று. பாதுகாப்புக் கருவியை வேலை கொடுப்பவர்தான் தர வேண்டும், அங்கே அது சட்டம். சூப்பர்வைசரிடம் "பேஸ்மென்டில் தண்ணீர் நிற்கிறது, ரப்பர் பூட் வேண்டும்" என்று கேளுங்கள். இரண்டு ஜோடி கிடைத்தால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று. தோல் ஷூவுக்கு முழுதாக ஒரு நாள் ஓய்வு கொடுத்தால்தான் உள்வரைக்கும் காயும்.

யார்டு_சீனியர் | 7:31
கேட்டால் கொடுத்துவிடுவார்களா என்ன. எப்படியும் சாக்ஸை மாற்று. அதை நான் முதலிலேயே சொன்னேன்.

டெல்டா_தம்பி | அடுத்த ஞாயிறு இரவு 8:20
எல்லோருக்கும் நன்றி. டாக்டரைப் பார்த்தேன், அக்கா சொன்னதேதான், களிம்பு கொடுத்தார். புது இன்சோலும் சாக்ஸும் இங்கே முஸ்தபா கடையில் வாங்கினேன். ஷூ இப்போது ஃபேன் முன்னால்தான், பக்கத்துக் கட்டில் அண்ணன் தன் ஃபேனைத் திருப்பி வைக்கிறார். காலையில் உள்ளே கை விட்டால் முனை மட்டும் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது, மற்ற இடம் காய்ந்துவிட்டது. ரப்பர் பூட் கேட்டிருக்கிறேன். காலையில் லாரிக்கு எழ வேண்டும், தூங்கப் போகிறேன்.

மலைச்சாரல் | 8:26
சந்தோஷம் தம்பி. எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கும் காலில் அதே குழி இருக்கிறது. களிம்பு பெயர் என்ன?

மருந்தறை_அக்கா | 8:40
பெயரை இங்கே கேட்டு வாங்க வேண்டாம். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரையும் அனுப்புங்கள்.