மருந்துக் கூர்க்கன் வேரில் முடிச்சு: நூற்புழுவா, வாடல் நோயா?

கேள்வி: கூர்க்கன்காடு
மருந்துக் கூர்க்கன் நட்டு மூன்றாம் மாதம் நடக்கிறது. வயலில் திட்டுத் திட்டாகச் செடி வளராமல் குட்டையாக நிற்கிறது. இலை வெளுத்து, உச்சி வெயிலில் தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது. தண்ணீரில் குறையில்லை. யூரியா கொடுத்தும் பச்சை திரும்பவில்லை. பிடுங்கிப் பார்த்தால் சல்லிவேர் முழுக்க மணி மணியாக முடிச்சு. பக்கத்து வயல்காரர், "அது தழைச்சத்து முடிச்சு, நல்லதுதான்" என்கிறார். சில செடிகள் அடியோடு காய்ந்தும் போய்விட்டன. என்ன செய்யலாம்?

பதில்: வேர்பார்வை
தழைச்சத்து முடிச்சு பயறு வகைகளில் வருவது. கூர்க்கன் துளசிக் குடும்பத்துச் செடி, இதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பயறு வேரில் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும். உங்களுடையதைக் கிள்ளிப் பாருங்கள், வேரே அறுந்து வரும். வேரே வீங்கி உண்டான முடிச்சு அது.

வேரை அலசிவிட்டு, பெரிய முடிச்சு ஒன்றை பிளேடால் மெல்லக் கீறி லென்ஸில் பாருங்கள். குண்டூசித் தலையை விடச் சின்னதாக, முத்து வெள்ளையில், பேரிக்காய் வடிவில் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் (வேருக்குள் வாழும் நுண்ணிய புழு) பெண். முடிச்சின் மேலே பழுப்பான பசைத் துளி தெரிந்தால் முட்டைக்கூடு. ஒரு கூட்டிலேயே சில நூறு முட்டை இருக்கும். மண் கதகதப்பாக இருந்தால் ஒரு தலைமுறை சுமார் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். இப்போது திட்டாக இருப்பது அறுவடைக்குள் பரவுவது அதனால்தான்.

பதில்: பழைய நர்சரி
அடியோடு காய்ந்த செடிகளைத் தனியாகப் பாருங்கள். நூற்புழு மட்டும் இருந்தால் செடி நலிந்து நிற்குமே தவிர, சட்டென்று சாகாது. அது துளைத்த வேர் வழியாக ஃபியூசேரியம் என்ற வாடல் பூஞ்சையோ வாடல் பாக்டீரியாவோ புகுந்திருக்கலாம். கூர்க்கனில் இந்தக் கூட்டணி சகஜம். அடித்தண்டை நறுக்கி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி நூலாக இறங்கினால் பாக்டீரியா. எதுவாக இருந்தாலும் வாடலுக்கு மட்டும் மருந்து ஊற்றினால் காசுதான் போகும், வாசலைத் திறந்துவிடுகிற புழு அப்படியே இருக்கும்.

கூர்க்கன்காடு
லென்ஸில் வெள்ளை மணி தெரிந்தது. பால் இறங்கவில்லை. சரி, குருணை மருந்து போட்டுவிடலாமா?

பதில்: வேர்பார்வை
வேண்டாம். விற்கப்போவதே கிழங்கு. அதிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள், குருணை மருந்தின் எச்சம் இருந்தால் சரக்கு திரும்பி வரும். தவிர, வேருக்குள் போய் உட்கார்ந்துவிட்ட புழுவை வெளியே கொண்டுவர முடியாது. காய்ந்த செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள். மற்றதற்கு நன்றாக மட்கிய எருவில் பர்புரியோசிலியம் என்ற பூஞ்சையைக் கலந்து, வேப்பம் புண்ணாக்கோடு வேரடியில் இட்டு ஈரம் காக்கலாம். அந்தப் பூஞ்சை நூற்புழு முட்டையைத் தின்னும். புது வேர் கொஞ்சம் தப்பும், அவ்வளவுதான். இந்தப் பயிரில் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

திட்டுகளின் ஓரத்திலிருந்து, 15 முதல் 20 செ.மீ. ஆழத்து ஈரமண்ணைச் சல்லிவேரோடு பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். அடுத்த பயிரை முடிவு செய்ய நூற்புழு எந்த இனம் என்று தெரிய வேண்டும். இன்காக்னிட்டா என்றால் நிலக்கடலையில் அது பெருகாது. அரினேரியா என்றால் அதில் சில வகைகள் கடலையையே பிடிக்கும். தக்காளி, கத்தரி, வெண்டை பக்கமே போகாதீர்கள்.

கூர்க்கன்காடு
வரப்பைச் சுற்றி செண்டுமல்லி வைத்தால் புழு ஓடிவிடும் என்கிறார்களே?

பதில்: பழைய நர்சரி
வரப்பில் வைத்தால் பூ கிடைக்கும். செண்டுமல்லியின் வேலை அதன் வேர் பரவிய இடத்தில்தான். வயல் முழுக்க நெருக்கி, இரண்டு மூன்று மாதம் தனிப் பயிராக நிற்கவிட்டு மடக்கி உழுதால் பலன் உண்டு. கூடவே கோடையில் ஈரமண்ணை மெல்லிய பாலிதீன் விரிப்பால் நாலு முதல் ஆறு வாரம் மூடிவையுங்கள்.

அப்புறம், அடுத்த நடவுக்கு இந்த வயலின் வேர்விட்ட நாற்றை எடுக்காதீர்கள். சுத்தமான செடியின் நுனித்தண்டை வெட்டி, சூடேற்றிய மண்ணிலோ தென்னைநார்க் கழிவிலோ வேர்விடச் செய்யுங்கள். வேரில்லாத நுனியில் இந்தப் புழு வராது.

கூர்க்கன்காடு
நாளைக் காலையில் மண் எடுக்கிறேன். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.