128 பிட் எண்ணும் லிங்கர் பிழையும்: நூலகத்தைச் சேர்ப்பதா, கணக்கை மாற்றுவதா?

வெள்ளவத்தைப்_பொடியன்:
ஒரு நிதி நிறுவனத்துக்கு வட்டிக் கணக்குப் பகுதியை சி++ இல் எழுதுகிறேன். பணம் எல்லாம் சதத்தில், முழு எண்ணாக. வட்டி வீதத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கி வைத்திருக்கிறேன், 12.5 வீதம் என்றால் 125,000. 500 கோடி ரூபாவை வீதத்தாலும் 365 நாளாலும் பெருக்கினால் 64 பிட்டுக்குள் அடங்காது. அதனால் அந்த இடத்தில் மட்டும் 128 பிட் முழு எண் வகையான __இன்ட்128 போட்டேன்.

ஜிசிசி கம்பைலரில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. இந்தக் கிழமை க்ளாங் என்ற இன்னொரு கம்பைலருக்கு மாறி, நிரல் ஓடும்போது இப்படியான தவறுகளைப் பிடிக்கும் யூபிசான் சானிடைசரையும் போட்டுக் கட்டினேன். எல்லாக் கோப்பும் கம்பைல் ஆகிறது. கடைசியில் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்: __முல்ஓடிஐ4" என்று நிற்கிறது, அந்தப் பெயரில் ஃபங்ஷன் எங்கேயும் இல்லையாம். நேற்று இரவு பத்து மணிக்கு கொள்ளுப்பிட்டி அலுவலகத்தை விட்டு இறங்கும்போதும் திரையில் அதே வரிதான். இப்படி ஒரு ஃபங்ஷனை நான் எங்கேயும் எழுதவில்லை. யார் கூப்பிடுகிறார்கள்?

கொட்டாஞ்சேனை_சுபா:
கூப்பிடுவது கம்பைலர், தம்பி. பெயரைப் பிரித்துப் பாருங்கள்: முல் என்றால் பெருக்கல், ஓ என்றால் ஓவர்ஃப்ளோ (விடை இடத்துக்குள் அடங்காமல் வழிவது), டிஐ என்றால் 128 பிட். யூபிசான் போட்டதும் ஒவ்வொரு பெருக்கலிலும் எண் வழிகிறதா என்று க்ளாங் பார்க்க வேண்டியிருக்கிறது. 128 பிட்டுக்கு அந்த வேலையை ஒரு துணை ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. அந்த ஃபங்ஷன் க்ளாங்கின் துணை நூலகமான கம்பைலர்-ஆர்டியில் இருக்கிறது. ஆனால் லினக்ஸில் க்ளாங் வழக்கமாக இணைப்பது ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியை. அதில் இது இல்லை.

முதலில் கம்பைல் ஆகி வந்த ஒவ்வொரு .ஓ கோப்பிலும், உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியை ஓட்டிப் பாருங்கள். எதில் அந்தப் பெயருக்கு முன்னால் 'யு' (அன்டிஃபைன்ட்) என்று நிற்கிறதோ அதுதான் கேட்கிற கோப்பு. பிறகு லிங்க் செய்யும் வரியில் --ஆர்டிலிப்=கம்பைலர்-ஆர்டி சேருங்கள். உங்களுடையது சி++ என்பதால், அது பிழைகளைக் கையாளக் கூப்பிடும் _அன்வைண்ட்_ரெஸ்யூம் இல்லை என்று அடுத்த பிழை வரலாம். அதற்கு --அன்வைண்ட்லிப்=லிப்ஜிசிசி. அவ்வளவுதான் வேலை.

பழைய_சி_காரன்:
சுபா சொன்ன காரணம் சரி. மருந்தைத்தான் நான் ஏற்கமாட்டேன். இந்தக் கணக்குக்கு 128 பிட்டே தேவையில்லை.

தம்பி, நாளால் பெருக்கும் முன்பே வகுத்துவிடுங்கள். முதல் தொகையை, அதாவது 500,000,000,000 சதத்தை, வீதத்தால் பெருக்கினால் 62,500,000,000,000,000. இது 64 பிட்டுக்குள் தாராளமாக இருக்கிறது. வகு எண், 365 ஐப் பத்து லட்சத்தால் பெருக்கிய 365,000,000. ஈவு 171,232,876, மீதி 260,000,000. ஈவை 365 ஆல் பெருக்கினால் 62,499,999,740. மீதியை 365 ஆல் பெருக்கி அதே வகு எண்ணால் வகுத்தால் 260. கூட்டிப் பாருங்கள்: 62,500,000,000 சதம், அதாவது 62.5 கோடி ரூபா. ஒரு சதமும் தவறவில்லை. ஈவையும் மீதியையும் தனித்தனியே கொண்டுபோவதால் நாள் எத்தனையாக இருந்தாலும் விடை பிசகாது.

லிங்கர் நின்றபோது நீங்களும் நின்று கணக்கைப் பார்த்திருக்க வேண்டும். கட்டும் வரியில் --ஆர்டிலிப் போன்ற ஒரு கொடியைச் சேர்த்தால் அதை நாளைக்கு இன்னொருவர் காரணம் தெரியாமல் எடுத்துவிடுவார்.

கொட்டாஞ்சேனை_சுபா:
அண்ணா, ஒரு கணக்குக்கு நீங்கள் சொல்வது அழகாக வேலை செய்கிறது. மொத்தக் கடன் தொகையை ஒரே தடவையில் கணக்கிட்டால்? 40,000 கோடி ரூபாவை 25 வீதத்தில் எடுங்கள். சதத்தில் 40,000,000,000,000. அதை 250,000 ஆல் பெருக்கினால் 1 க்குப் பின் 19 பூச்சியம். குறியுள்ள 64 பிட்டின் எல்லை ஏறத்தாழ 922 க்குப் பின் 16 பூச்சியம். உங்கள் முதல் பெருக்கலே வழிந்துவிடும். சானிடைசர் இல்லாத பில்டில் அது சத்தமே போடாது. லிங்கர் பிழையாவது கத்திச் சொல்கிறது. தவறான வட்டி ஒரு கடன்காரரின் பற்றுச்சீட்டில் போய் அச்சாகும்.

இன்னொன்று, 128 பிட் பெருக்கலைப் பாரமாக நினைக்கத் தேவையில்லை. எக்ஸ்86-64 இல் இரண்டு 64 பிட் எண்களின் முழு 128 பிட் பெருக்கல் ஒரே முல் கட்டளை.

பழைய_சி_காரன்:
பெருக்கல் சரி. வகுத்தல்? டிவ் கட்டளை 128 ஐ 64 ஆல் வகுக்கும். ஆனால் ஈவு 64 பிட்டுக்குள் அடங்காவிட்டால் புரோசஸர் பிழை எழுப்பி நிரலை நிறுத்திவிடும். ஈவு அடங்கும் என்று கம்பைலருக்கு உறுதியாகத் தெரியாது. அதனால்தான் அது 128 பிட் வகுத்தலுக்கு __யூடிவ்டிஐ3 போன்ற துணை ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. மொத்தத் தொகையை ஏன் ஒரே தடவையில் பெருக்க வேண்டும்? ஒவ்வொரு கடனுக்கும் தனியே கணக்கிட்டு வட்டியைக் கூட்டுங்கள். வட்டி எழுதப்படுவதும் அப்படித்தானே.

தம்பி, இந்த நிரல் சேவையகத்தில் மட்டும்தானா ஓடும்?

வெள்ளவத்தைப்_பொடியன்:
இல்லை அண்ணா. வசூலிப்பவர்கள் கையில் கொண்டுபோகிற கருவியிலும் அடுத்த வருடம் போட வேண்டும். அது 32 பிட் ஏஆர்எம்.

பழைய_சி_காரன்:
அங்கே __இன்ட்128 என்ற வகையே கிடையாது. லிங்கர் வரை போகாது, கம்பைலரே மறுக்கும்.

கொட்டாஞ்சேனை_சுபா:
அது உண்மை, இந்த இடத்தில் அண்ணாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்தக் கருவியில் உங்கள் 64 பிட் வகுத்தலும் துணை ஃபங்ஷன்தான், __ஏஇஏபிஐ_எல்டிவ்மாட். வழக்கமான நூலகங்களை விலக்கும் நோஸ்டிட்லிப் கொடி போட்டுக் கட்டினால் அதுவும் இதே மாதிரி "அன்டிஃபைன்ட்" என்று நிற்கும். அப்போது லிப்ஜிசிசியை இணைக்கும் -எல்ஜிசிசி கடைசியில் வர வேண்டும், ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் போட்டால் பலனில்லை. லிங்கர் இடமிருந்து வலமாகத் தேடுகிறது. ஆக எந்தப் பாதையில் போனாலும் துணை நூலகம் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

நீர்கொழும்பு_ரயில்:
இடையில் ஒரு கேள்வி. விண்டோஸில் க்ளாங்-சிஎல் (க்ளாங்கின் விண்டோஸ் வடிவம்) கொண்டு கட்டினால் லிங்கர் எல்என்கே2019 பிழை தந்து __யூடிவ்டிஐ3 இல்லை என்கிறது. இதே கதையா?

கொட்டாஞ்சேனை_சுபா:
இதேதான். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு __இன்ட்128 கிடையாது, அதனால் அதன் நூலகத்தில் அந்த ஃபங்ஷனும் இல்லை. க்ளாங்கின் தொகுப்பான எல்எல்விஎம் உடன் வரும் க்ளாங்_ஆர்டி.பில்டின்ஸ் நூலகத்தைச் சேருங்கள்.

வெள்ளவத்தைப்_பொடியன்:
இரண்டையும் செய்து பார்த்தேன். என்எம் ஓட்டியதில் 'யு' ஒரே ஒரு கோப்பில்தான் இருந்தது, வட்டி.ஓ. அக்கா சொன்ன இரண்டு கொடிகளையும் போட்டதும் லிங்க் ஆனது. பிறகு அண்ணாவின் முறையை எழுதி இரண்டையும் ஒப்பிட்டேன். 500 கோடிக்கு இரண்டிலும் 62,500,000,000. கருவிக்கு அண்ணாவின் முறையை எடுக்கிறேன். சேவையகத்தில் 128 பிட்டை வைத்து, அதை வைத்தே அண்ணாவின் விடையைச் சோதிக்கப் போகிறேன். கொடி எதற்கு என்று கட்டும் கோப்பிலேயே இரண்டு வரி எழுதியாயிற்று.

பழைய_சி_காரன்:
சோதனையில் 2028 ஐயும் சேருங்கள். லீப் வருடம், வகு எண் 366,000,000 ஆகும். மொத்தத் தொகை விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை, சுபா.

கொட்டாஞ்சேனை_சுபா:
நானும்தான், அண்ணா. 40,000 கோடி வரியையும் அந்தச் சோதனையில் போடுங்கள், தம்பி.