புதுப்பிப்பு: கமகத்தை ரோபோ ஆக்கிய பிட்ச் கரெக்‌ஷன்

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன்: முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் அக்கா பாடினதை ஆட்டோ டியூனில் (சுருதி விலகலைத் திருத்தும் மென்பொருள்) போட்டா, தோடி ராகத்தோட காந்தாரம் (‘க’ ஸ்வரம்) படிக்கட்டு மாதிரி உடையுதுன்னு. இப்போ சரியாயிடுச்சு. பாதித் தப்பு என்னோடதுதான்.

முதல் தப்பு, ரீடியூன் ஸ்பீடை, அதாவது திருத்தும் வேகத்தை, 0-ல வச்சிருந்தது; இதில் 0-தான் அதிவேகம். அந்த வேகத்தில் குரல் எங்கே அசைஞ்சாலும் பக்கத்து ஸ்வரத்துக்கு வெடுக்குன்னு இழுத்துடும். தோடி காந்தாரமோ ஒரு இடத்தில் நிக்கவே நிக்காது. அந்த ஆட்டம், அதாவது கமகம்தானே அழகு! அதைப் பிழைன்னு நினைச்சுத் திருத்தினா என்ன மிஞ்சும்? அந்த எண்ணை ஏத்தி, இழுப்பை மெதுவாக்கியும் முழுத் திருப்தி இல்லை. கடைசியில் எல்லாத்தையும் தானாத் திருத்தும் ஆட்டோ மோடையே விட்டுட்டு, சுருதியைக் கோடாக் காட்டும் கிராஃப் மோடில் நீட்டிப் பிடிச்ச சட்ஜம் (ச), பஞ்சமத்தை (ப) மட்டும் கையால் லேசா நகர்த்தினேன். மொத்தமே ஏழெட்டு இடம். கமகம் பக்கம் போகவே இல்லை.

இன்னொண்ணு யாரும் கேட்காதது, நானும் சொல்லாதது: சுருதிப்பெட்டி ஸ்பீக்கரில் ஓடிக்கிட்டிருந்தது. மைக்கில் அதுவும் ஏறி, எது குரல்னு மென்பொருளே குழம்பியிருக்கு. இப்போ அக்காவுக்கு சுருதி ஹெட்போனில் மட்டும். ஃபேனும் ஆஃப். புதுச்சேரிப் புழுக்கத்தில் அரை மணிக்கு மேல தாங்கலை, அதனால ராத்திரி பத்துக்கு மேல்தான் ரெக்கார்டிங்.

அக்கா கேட்டுட்டு, “எங்கே திருத்தினே?”ன்னாங்க. பாட்டோட ரெண்டாவது பகுதியான அனுபல்லவியில் ஒரு பஞ்சமம் மட்டும் இன்னும் உறுத்துது, அதைத் திரும்பப் பாடச் சொல்லியிருக்கேன்.