வண்டிக்கடை லைசென்ஸ் எங்க வாங்கணும்? சனிக்கிழமைக்குள்ள வேணும், அவசரம்

இட்லிவண்டி | 19 நவம்பர் 2023, இரவு 11:40
எல்லாருக்கும் வணக்கம். நேத்து வண்டி போட்ட இடத்துல ஒருத்தர் வந்து, இந்த லைசென்ஸ் இங்க செல்லாது, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டார். நூறு ரூபா கட்டி வாங்கின பேப்பர கண்ணாடி போட்டு மாட்டித்தான் வச்சிருக்கேன். கோயில் கூட்டம், நல்ல வியாபார நேரம், கிளறின சாதத்துல பாதி மிச்சம். புது லைசென்ஸ் எங்க வாங்கணும், எவ்வளவு ஆகும்? தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.

கொரடாச்சேரிக்காரன் | 20 நவம்பர், காலை 6:15
எந்த ஊரு, எந்தக் கோயிலு? தள்ளுவண்டியா, மோட்டார் வண்டியா? வந்தவர் ஃபுட் சேஃப்டியா, நகராட்சியா, போலீஸா? இதுல ஒண்ணாவது சொன்னாத்தானே பதில் சொல்ல முடியும்.

குடந்தை ராயர் | காலை 7:02
தம்பி, இது தெருவோர வியாபாரி அட்டைப் பிரச்சினைதான், சந்தேகமே வேணாம். 2014ல வந்த சட்டம். விற்பனைச் சான்று கையில இருந்தா யாரும் நினைச்சபடி தூக்க முடியாது. 30 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். பொருள எடுத்துட்டுப் போனாலும் லிஸ்ட் எழுதித் தரணும், கெட்டுப்போற சாமான்னா கேட்ட அன்னிக்கே திருப்பித் தரணும். நேரா நகராட்சிக்குப் போயி நகர விற்பனைக் குழு யாருன்னு கேளு. அந்த அட்டைய வச்சு ஸ்வநிதின்னு தெருவோர வியாபாரிக்குக் கொடுக்கற மத்திய அரசுக் கடனும் வாங்கலாம்.

ஐயம்பேட்டை ரபீக் | காலை 7:30
ராயர் அண்ணன் எதுக்கெடுத்தாலும் அட்டைதான். எனக்கென்னமோ சிலிண்டராத்தான் இருக்கும்னு படுது. வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, அத வண்டியில வச்சா தப்பு. வியாபாரத்துக்கு 19 கிலோ. இடமில்லன்னா 5 கிலோ குட்டிச் சிலிண்டர் இருக்கு, ரேஷன் கார்டெல்லாம் கேக்க மாட்டாங்க. தம்பி, என்ன சிலிண்டர் வச்சிருக்கிய?

சீனு_திருவாரூர் | காலை 8:10
பாத்து நடந்துக்கங்க. லைசென்ஸ் இல்லாம சாப்பாடு வித்தா லட்சக்கணக்குல அபராதம்.

விதிப்புத்தகம் | காலை 9:45
வழக்கம்போல ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறீர்கள். முதலில், கேள்வி கேட்டவர் வைத்திருப்பது லைசென்ஸே அல்ல, பதிவுச் சான்று. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்கு உட்பட்ட சிறு வியாபாரிக்கு பதிவு. அதற்கு மேல் போனால்தான் லைசென்ஸ். 14 இலக்க எண் 2ல் தொடங்கினால் பதிவு, 1ல் தொடங்கினால் லைசென்ஸ். சீனு சொல்லிப் பயமுறுத்துவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 63வது பிரிவு, அது லைசென்ஸ் எடுக்கக் கடமைப்பட்டு எடுக்காதவருக்கு. 31(2)இல் வரும் சிறு வியாபாரியை அந்தப் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

கொரடாச்சேரிக்காரன் | காலை 10:20
படிச்சவரே, அவரு எந்த ஊருன்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா?

நன்னிலம் அக்கா | மதியம் 1:15
தம்பி, நானும் வண்டி போடுறவதான். உங்க பேப்பர்ல நம்பரோட முதல் மூணு எழுத்து மட்டும் சொல்லுங்க. 224ன்னா தமிழ்நாட்டுப் பதிவு. நீங்க கோயில் கூட்டம், சனிக்கிழமைன்னு எழுதினதப் பாத்தா எனக்கு ஒரு சந்தேகம். திருநள்ளாறுலயா போடுறிய?

இட்லிவண்டி | இரவு 10:55
ஆமாக்கா, 224தான். ஊரு பேரளம், வண்டி டாடா ஏஸ். பேரளத்துல சாயங்காலம் இட்லி, கல்தோசை, ஒரு தொந்தரவும் இல்ல. சனிக்கிழமை மட்டும் திருநள்ளாறு போயி எள்ளு சாதம், தயிர் சாதம், புளியோதரை. டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி வருது, அதுக்குள்ள சரியாகணும்.

கொரடாச்சேரிக்காரன் | இரவு 11:01
அட என்னங்க நீங்க! அம்பகரத்தூர் வந்தாலே பாண்டிச்சேரி. வேற மாநிலத்துல நின்னுக்கிட்டு நம்மூருப் பேப்பரக் காட்டினா?

விதிப்புத்தகம் | இரவு 11:08
மாநிலம் அல்ல, யூனியன் பிரதேசம்.

நன்னிலம் அக்கா | 21 நவம்பர், காலை 5:50
விடிஞ்சா மாவு வேல இருக்கு, ஒரே தடவையா சொல்லிடுறேன் தம்பி. லைசென்ஸ்னு ஒரே பேப்பர் எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்கு ஒண்ணு, நிக்கிற இடத்துக்கு ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு.

சாப்பாட்டுப் பேப்பர் அந்தந்தப் பகுதி அதிகாரி கொடுக்கறது. திருநள்ளாறு காரைக்கால் மாவட்டம், அங்க விக்கிறதுக்கு அங்கதான் பதியணும். நீங்க முன்ன பதிஞ்ச அதே ஃபாஸ்காஸ்ங்கற உணவுப் பதிவு இணையதளந்தான், மாநிலம் கேக்கிற இடத்துல புதுச்சேரி, மாவட்டம் காரைக்கால்னு போடுங்க. படிவம் ஏ, போட்டோ, அடையாளச் சான்று, வருஷத்துக்கு 100 ரூபா. அஞ்சு வருஷத்துக்கும் சேத்துக் கட்டலாம். விண்ணப்பம் போட்ட ரசீத பத்திரமா வச்சுக்கங்க. ஏழு நாளுக்குள்ள பதிவு கொடுக்கணும், இல்ல காரணம் சொல்லி மறுக்கணும், இல்ல நேர்ல பாக்க வர்றோம்னு நோட்டீஸ் தரணும். மூணுல எதுவும் வரலன்னா வியாபாரத்த ஆரம்பிக்கலாம்னு விதியிலயே இருக்கு. பாக்க வர்றோம்னா 30 நாள் வரைக்கும் போகும். அதனால இன்னிக்கே போடுங்க, நாளைக்குன்னா பெயர்ச்சி முடிஞ்சு போயிடும்.

இடந்தான் பெரிய தலைவலி. நீங்க நிக்கிற தரை அங்கத்த உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்துத் தெருவா, தேவஸ்தானத்து மனையா, பொதுப்பணித்துறை ரோடா, அத முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. சாப்பாட்டுப் பேப்பர் எத்தன இருந்தாலும் நிக்கிறதுக்கு அது உரிமை தராது. பெயர்ச்சி அன்னிக்கு நளன் குளம் பக்கம் வண்டிய நெருங்கவே விடுவாங்களான்னும் விசாரிங்க.

வண்டியில கூண்டு கட்டினத ஆர்சியில ஏத்தியிருக்கியளா? எஃப்சி, அதான் வண்டிக்குத் தகுதிச் சான்று, எடுக்கப் போறப்ப அதுல மாட்டிக்கிட்டு முழிச்சவங்க இருக்காங்க. அப்புறம், எள்ளு சாதத்த நியூஸ் பேப்பர்ல மடிக்காதிய. செப்டம்பர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல மறுபடி கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க. வாழை இலை போதும், நம்ம பக்கம் இலைக்கா பஞ்சம்?

குடந்தை ராயர் | காலை 8:30
அக்கா சொல்றதெல்லாம் சரி. ஆனா 2014 சட்டம் இந்தியா பூராவும்தான். திருநள்ளாறுலயும் அட்டை கேக்கலாமே.

விதிப்புத்தகம் | காலை 9:12
அந்தச் சட்டத்தில் உள்ளாட்சி அமைப்பு என்று பெயர் சொல்லியிருப்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மென்ட். கொம்யூன் பஞ்சாயத்து 1973ஆம் ஆண்டு புதுச்சேரிச் சட்டத்தில் வருகிற கிராமப்புற அமைப்பு. இவருக்கு பேரளம் பேரூராட்சியில் அட்டை கிடைக்கலாம், அது பேரளத்துக்கு. இன்னொன்று, தினசரி விற்பனை எவ்வளவு என்று சொல்லவில்லை. சாதாரண நாளில் 3,500, சனிக்கிழமை 9,000 என்று வைத்தால், 250 நாளுக்கு 8.75 லட்சம், 52 சனிக்கு 4.68 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாநில லைசென்ஸ், ஆண்டுக்கு 2,000. லாபத்தைப் பார்ப்பதில்லை, விற்றுமுதலைத்தான் பார்ப்பார்கள்.

ஐயம்பேட்டை ரபீக் | காலை 9:40
அவரு சொல்லாத கணக்குக்கு நீங்களே ரேட்டும் போட்டு வரியும் போட்டுட்டிய. ரெண்டு ஊர்ல ரெண்டு பதிவுன்னா விற்பனையும் தனித்தனியாத்தானே?

சீனு_திருவாரூர் | காலை 10:05
அங்க சனிக்கிழமை வண்டி வண்டியா அன்னதானம் போடுறாங்களே, அவங்ககிட்ட எவனாவது பேப்பர் கேக்குறானா? காசுக்கு விக்கிற ஏழைகிட்டதான் கேப்பாங்க.

விதிப்புத்தகம் | காலை 10:31
2011ஆம் ஆண்டு உணவு உரிமம், பதிவு ஒழுங்குமுறையில் மத, சமுதாயக் கூட்டங்களில் உணவு வழங்குபவரும் பதிவு செய்ய வேண்டியவர் பட்டியலில்தான் இருக்கிறார். கேட்காவிட்டால் விதி இல்லை என்று ஆகாது.

குடந்தை ராயர் | காலை 11:00
சாமி பேரச் சொல்லி நாலு பேருக்குச் சோறு போடறதுக்கு அரசாங்கத்துல எழுதிக் குடுக்கணுமா? எங்க தெருவுல சித்திரைக்கு நீர்மோர்ப் பந்தல் எங்க தாத்தா காலத்துலேருந்து நடக்குது. எந்த ஆபீசர் வந்தாலும் ஒரு டம்ளர் மோரக் குடிச்சுட்டுத்தான் போவார்.

ஐயம்பேட்டை ரபீக் | காலை 11:20
நாகூர் கந்தூரிக்கும் இதே கதைதான் அண்ணே. ஆனா ஆயிரம் பேரு சாப்பிடுற சோறு ஊசிப்போனா ஆயிரம் பேருக்கும் வயித்தால போகும். யாரு ஆக்கினா, எந்தத் தண்ணின்னு ஒரு எடத்துல எழுதி வச்சா என்ன குறஞ்சுடும்?

குடந்தை ராயர் | காலை 11:24
எழுத ஆரம்பிச்சா போடுற கை நின்னுடும். அதான் குறையும்.

சீனு_திருவாரூர் | காலை 11:40
மோருக்கும் 14 நம்பரா?

நன்னிலம் அக்கா | மாலை 4:10
சண்டையெல்லாம் நல்லாத்தான் போகுது. கேட்ட புள்ள எங்க? விண்ணப்பம் போட்டாச்சா இல்லையா?

கொரடாச்சேரிக்காரன் | 27 நவம்பர், இரவு 9:00
தம்பி, என்ன ஆச்சு?

இட்லிவண்டி | 9 டிசம்பர், இரவு 11:58
காரைக்கால் பதிவு வந்துடுச்சு. வந்து பாத்தாங்க, தண்ணி டிரம்முக்கு மூடி போடச் சொன்னாங்க, அவ்வளவுதான். தெருவுல இடம் கேட்டேன், பெயர்ச்சி வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. தெரிஞ்சவர் வீட்டு வாசல்ல அவர் மனையிலயே நிறுத்திக்கச் சொல்லியிருக்கார், கோயிலுக்குக் கொஞ்சம் நடக்கணும். நன்றி அக்கா.

ஐயம்பேட்டை ரபீக் | 10 டிசம்பர், காலை 6:40
சந்தோஷம் தம்பி. சிலிண்டர் என்னன்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?