வாசிக்கும்போது மகளுக்கு வரிகள் இரண்டாகத் தெரிகின்றன

கேள்வி (களுவாஞ்சிகுடி): தரம் 5இல் படிக்கும் என் மகள், பத்து நிமிடம் வாசித்ததும் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வரிகள் இரண்டாகத் தெரிவதாகச் சொல்கிறாள். தூரப்பார்வையில் குறையில்லை. கண் பயிற்சி பயன் தருமா?

பதில் (கல்முனை): சகோதரி, இரு கண்களும் அருகில் ஒன்றாகக் குவியாத குறையாக இருக்கலாம். என் மகனுக்கு வைத்தியர் பேனை முனையை மெதுவாக மூக்கருகே கொண்டுவந்து, அது எந்த இடத்தில் இரண்டாகிறது என்று அளந்தார். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இக்குறையுள்ள, 12 வாரம் சிகிச்சை நிலையத்தில் கண் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மட்டும் பார்த்துப் பழகியவர்களில் பாதிக்கும் குறைவானோரே தேறினார்கள்.

பதில் (மட்டக்களப்பு): ஆனால் 2019இல் வந்த தொடர் ஆய்வில், அப்பயிற்சி வாசித்து விளங்கும் திறனைப் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த போலிப் பயிற்சியைவிட அதிகம் உயர்த்தவில்லை. புலமைப்பரிசில் புள்ளி கூடும் என்று எவரேனும் பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். முதலில் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவில் காட்டுங்கள். இரட்டைப் பார்வை திடீரென வந்திருந்தால் இன்றே செல்லுங்கள்.

கேட்டவர்: திடீரென வரவில்லை, சில மாதங்களாகவே இருக்கிறது. திங்கட்கிழமை கூட்டிச் செல்கிறேன்.